பெட்டி பாடுகிறது, நாம் வாய்மூடி நிற்கிறோம்!

சென்ற மே தினத்தன்று செங்கற்பட்டில் ஒரு சங்கதி நடந்தது. சிறிய சங்கதிதான். ஆனால் அது நம் மனதை விட்டு அகலவில்லை.

ஊர்வலம் பழைய பஸ் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கொடிகளுக்குக் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. மறைமலைநகர் பாக்டரித் தொழிலாளர்கள், செய்யூர் உப்பளத்துப் பெண்கள், மதுராந்தகம் பக்கத்து விவசாயத் தொழிலாளர்கள், மாமல்லபுரத்துக் கல் வேலைக்காரர்கள் என்று நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்திருந்தனர். முன்னால் ஒரு குட்டியானை வண்டி. அதன்மேல் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் நான்கு. பென்-டிரைவில் ஏற்றிய புரட்சிப் பாட்டு தெருவே அதிரும்படி முழங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

அவ்வளவுதான். ஊர்வலமே ஊமையாகிவிட்டது!

இரண்டு தோழர்கள் கோஷம் போட்டுப் பார்த்தார்கள். தொண்டை கட்டிக்கொண்டது. “யாராவது பாடுங்களேன்” என்று ஒரு குரல் எழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முழுநேர ஊழியராக எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பாட்டுக்களை மேடைதோறும் கேட்டு வருகிறவர்கள் நாம். முதல் இரண்டு அடிக்கு மேல் நமக்கு வரவில்லை. வெட்கக்கேடு!

அப்போது மதுராந்தகம் பக்கத்து மூதாட்டி ஒருவர், விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர், நடவுப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். மே தினத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பின்னால் வந்த பெண்கள் அத்தனை பேரும் பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள். உப்பளத்துப் பெண்களுக்கு அந்தப் பாட்டே தெரியாது. அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற டீக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். இரண்டாவது சரணத்தில் அந்த அம்மாள் சட்டென்று நின்றுவிட்டுச் சிரித்தார். “மறந்துபோச்சு தம்பி. நாத்து நட மெஷினு வந்துடுச்சு, அப்புறம் எங்க பாடறது?”

அதற்குள் ஜெனரேட்டர் சரியாகிவிட்டது. பெட்டி மறுபடியும் பாட ஆரம்பித்தது. எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. அந்த ‘அப்பாடா’தான் நம்மை உறுத்துகிறது.

இந்த உறுத்தலோடுதான் தோழர் எம்.பி. சீனிவாசனை நினைக்கிறோம். எம்.பி.எஸ். என்றால் பழைய தோழர்களுக்குத் தெரியும். இளைஞர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. 2025-இல் அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தது. நம் பக்கத்தில் எத்தனை ஊரில் அதைக் கொண்டாடினோம்? விரல்விட்டு எண்ணக்கூடத் தேவையில்லை.

மானாமதுரையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். 1925 செப்டம்பர் 19-ஆம் தேதி சித்தூரில் பிறந்தார். சென்னையில் படிக்கும்போதே மாணவர் இயக்கத்துக்கும் அதன் வழியே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கும் வந்து சேர்ந்தார். அது 1940-களின் காலம். மக்கள் நாடக மன்றம் 1943-இல் பம்பாயில் உதயமாகி, நாடகத்தையும் பாட்டையும் பஞ்சத்தில் வாடிய ஜனங்களிடம் கொண்டு போய்க்கொண்டிருந்தது. எம்.பி.எஸ். அந்தக் காற்றில் வளர்ந்தவர். பிறகு டில்லியில் தோழர் ஏ.கே. கோபாலனுக்குக் காரியதரிசியாக வேலை செய்தார். அங்கேதான் ஜாஹிதாவை மணந்தார். ஜாஹிதா யார் தெரியுமா? 1919-இல் யாருடைய கைதை எதிர்த்து அமிர்தசரஸ் மக்கள் கொதித்தெழுந்தார்களோ, எந்தக் கொதிப்பின் முடிவில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததோ, அந்தத் தலைவர்களில் ஒருவரான டாக்டர் சைபுதீன் கிச்சலுவின் புதல்வி. பிராமணக் குடும்பத்துப் பிள்ளைக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணுக்கும் நடந்த கலியாணம் அது. இன்றைக்கு அப்படி ஒரு கலியாணம் நடந்தால் என்னென்ன கூச்சல் கிளம்பும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் அவர் சென்னைக்குத் திரும்பி சினிமாவில் இசையமைக்கப் போனார். ‘கட்சிக்காரன் சினிமாவுக்குப் போனால் கெட்டுப்போவான்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எம்.பி.எஸ். அங்கே போய் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

அந்தக் காலத்தில் ஒரு சினிமாப் பாட்டைப் பதிவு செய்வதென்றால் லேசான காரியமல்ல. பாடுகிறவர், வயலின்காரர்கள், புல்லாங்குழல், வீணை, தபேலா, டோலக், எல்லோரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். கடைசி அடியில் ஒருவர் தவறினாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் எப்போது எழுந்திருக்கலாம் என்று நிச்சயமில்லை. கூலியும் அப்படித்தான். இன்று வரும், நாளை வரும், படம் ஓடினால் வரும் என்று இழுத்தடிப்பார்கள். படத்தின் ஆரம்பத்தில் காட்டும் பெயர்களில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும். வில்லை இழுத்து இழுத்துத் தோள் வலித்தவன் பெயர் இருக்காது. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் தங்களைத் தொழிலாளி என்று நினைத்துக்கொள்ளவில்லை. ‘நாங்கள் வித்வான்கள், கலைஞர்களுக்கு எதற்குச் சங்கம்?’ என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. முதலாளிக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

எம்.பி.எஸ். அந்த எண்ணத்தைத்தான் முதலில் உடைத்தார். நேரத்துக்கு வந்து, சொன்னதை வாசித்து, கூலி வாங்கிக்கொண்டு போகிறவன் தொழிலாளி. அவன் கையில் சுத்தியல் இருந்தால் என்ன, வயலின் இருந்தால் என்ன? சினிமா இசைக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் உண்டாக்குவதில் அவர் முன்னின்றார். கால்ஷீட் என்று இவ்வளவு மணி நேரம், அதற்கு இவ்வளவு கூலி என்கிற ஒழுங்குக்காகப் பாடுபட்டார். வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய காமிராக் கலைஞரும் டைரக்டருமான நிமாய் கோஷும் அவரும் சேர்ந்து திரைப்படத் தொழிலாளர் பிரிவுகளை ஒன்றாகக் கட்டப் பாடுபட்டார்கள். இன்று பெப்சி என்று பத்திரிகைகளில் அடிபடும் சம்மேளனத்தின் அஸ்திவாரத்தில் இந்த இருவரின் வேர்வையும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு இசையமைப்பாளர், வாத்தியக்காரர்களுக்குக் கூலி உயர வேண்டும் என்று போராடுகிறார். தயாரிப்பாளர் மறுநாள் அவரைக் கூப்பிடுவாரா? தமிழில் அவர் இசையமைத்த படங்கள் மிகச் சில. திறமை குறைவினால் அல்ல.

அந்தச் சிலவற்றில் ஒன்று 1960-இல் வந்த ‘பாதை தெரியுது பார்’. நிமாய் கோஷ் டைரக்ட் செய்தார். தோழர்களும் நண்பர்களும் பங்கு போட்டு எடுத்த படம். தொழிலாளி வாழ்க்கையையும் சங்கத்தையும் கதையாக வைத்துத் தமிழில் துணிந்து எடுத்த முதல் முயற்சிகளில் ஒன்று. அதற்குப் பாட்டெழுதியவர்களில் ஜெயகாந்தன் உண்டு, கே.சி.எஸ். அருணாசலம் உண்டு, படம் வருவதற்குள் 1959-இல் இருபத்தொன்பது வயதிலேயே மறைந்துவிட்ட நம் பட்டுக்கோட்டையாரும் உண்டு. அகில இந்தியப் பரிசும் கிடைத்தது. ஆனால் படம் ஓடவில்லை. பாட்டுக்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. அவற்றில் சில இன்றும் ரேடியோவில் ஒலிக்கின்றன, யார் மெட்டு என்று தெரியாமலே நாம் தலையாட்டுகிறோம்.

தமிழ்நாடு கொடுக்காத இடத்தைக் கேரளம் கொடுத்தது. 1961-இல் ‘கால்பாடுகள்’ என்ற மலையாளப் படத்துக்காக, அதுவரை சினிமாவில் பாடியிராத ஓர் ஏழை இளைஞரைச் சென்னையில் பாட வைத்தார். சாதி பேதமும் மதத் துவேஷமும் கூடாது என்று சொன்ன ஸ்ரீநாராயண குருவின் பாட்டு அது. அந்த இளைஞர்தான் யேசுதாஸ். பின்னர் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ என்று அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்களுக்கு இசையமைத்தார். எங்கே வாத்தியம் வேண்டும் என்பதைவிட எங்கே வேண்டாம் என்பதை அறிந்தவர் என்பது அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1977-இல் ஜான் ஆபிரகாம் எடுத்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்ற படத்தில், தாயில்லாக் கழுதைக் குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கும் பேராசிரியராக நடித்தவரும் எம்.பி.எஸ்.தான். சிறந்த தமிழ்ப் படம் என்று சர்க்காரே பரிசு கொடுத்தது. ஆனால் 1989-இல் டெலிவிஷனில் காட்டுவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் சர்க்காரே நிறுத்திவிட்டது!

இவையெல்லாம் அவருடைய சரித்திரத்தில் ஒரு பாதிதான். நமக்கு வேண்டியது மறுபாதி.

1970-களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். சினிமா நட்சத்திரம் யாரும் அதில் இல்லை. பாட்டைத் தொழிலாகக் கொள்ளாத மாணவர்கள், உத்தியோகஸ்தர்கள், குடும்பப் பெண்கள். வேலை முடிந்து மாலையில் வந்து பழகுவார்கள். பாரதி பாட்டுக்களையும் பல மாநில மொழிப் பாட்டுக்களையும் பாடினார்கள். பம்பாயில் சலில் சௌத்ரியும் கல்கத்தாவில் ரூமா குஹாதாகுர்த்தாவும் 1950-களில் தொடங்கி நடத்திய இளைஞர் குழுக்கள் அதற்கு முன்னோடி. சலில் சௌத்ரி என்றால், 1965-இல் வந்த ‘செம்மீன்’ படத்துக்கு மெட்டமைத்தாரே, அவரேதான். நம் கடற்கரைக் குப்பங்களில் அந்த மெட்டுக்களை அறியாதவர் இல்லை.

சேர்ந்திசை என்றால் என்ன? எல்லோரும் ஒரே மெட்டைக் கத்துவதா? அல்ல. கோயில் நாயனக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ராகத்தை ஊதிக்கொண்டே போவார். பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். (இப்போது அந்த ஒத்துக்காரர் பிழைப்பையும் சுருதிப் பெட்டி தட்டிப் பறித்துவிட்டது.) இரண்டும் வேறு வேறு, ஆனால் சேர்ந்தால்தான் கச்சேரி. சேர்ந்திசை அதைவிட ஒரு படி மேலே போகிறது. பெண் குரல்களில் மெலிந்தவை ஒரு வரிசை, கனத்தவை ஒரு வரிசை. ஆண் குரல்களிலும் அப்படியே. ஒரு வரிசை மெட்டைப் பாடும். இன்னொரு வரிசை அதே நேரத்தில் அதற்குக் கீழே வேறு சுரங்களில் நடக்கும். மூன்றாவது வரிசை காத்திருந்து பதில் சொல்லும். பக்கத்து வரிசை பாடுவது காதில் விழவேண்டும். ஆனால் அதில் இழுபட்டுப் போகக்கூடாது. தன் வழியையும் விடக்கூடாது, தாளத்தையும் விடக்கூடாது. தனியாக நின்றால் சுமாராகப் பாடுகிறவர்கள் நாற்பது பேர் இப்படிச் சேர்ந்து பாடும்போது கேட்பவர் உடம்பு சிலிர்க்கிறது. சங்கம் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய மில் தொழிலாளர்களில் தனியாக நின்று பெரும்பேச்சுப் பேசத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

நம் தோழர்களில் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். “இது வெள்ளைக்காரன் சங்கீதம். சர்ச்சிலே பாடுகிற மாதிரி இருக்கும். நம் ஜனங்களுக்கு ஏறாது” என்றார்.

அவருக்கு இரண்டு பதில் சொல்கிறோம். ஒன்று: சர்ச்சிலே பாடுகிறவர்களும் நம் ஜனங்கள்தானே? செங்கற்பட்டைச் சுற்றிய சேரிகளில் மிஷன் கோயில்களில் குரல் பிரித்துப் பாடிப் பழகிய பெண்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். சந்தா வாங்கினோம், கையெழுத்து வாங்கினோம். ‘அம்மா, உங்களுக்குப் பாட வருமா?’ என்று ஒரு நாளாவது கேட்டோமா?

இரண்டாவது: குரல் பிரித்துப் பாடுவது வெள்ளைக்காரப் பிரபுக்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. பல்கேரியா நாட்டில் சில பக்கங்களில் கிராமத்துப் பெண்கள் அறுவடைக் களத்தில் பாடும்போது, ஒருத்தி மெட்டைப் பாட மற்றவர்கள் ஒத்துப் போல ஒரே சுரத்தில் நிற்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தது. 1951-இல் அங்கே சோஷலிஸ்ட் சர்க்கார் இருந்தபோது பிலிப் குத்தேவ் என்ற இசையமைப்பாளர் அந்தக் கிராமத்துக் குரல்களையே திரட்டி ஒரு சர்க்கார் குழு அமைத்தார். உலகமே வாயைப் பிளந்தது. 1977-இல் அமெரிக்கா விண்ணில் ஏவிய வோயேஜர் கலங்களில் பூமியின் பாட்டுக்கள் என்று ஒரு தட்டு வைத்தார்களே, அதில் நம் நாட்டு கேசர்பாய் கேர்க்கரின் குரலோடு ஒரு பல்கேரிய மலைக்கிராமத்துப் பெண்ணின் குரலும் போய்க்கொண்டிருக்கிறது. களத்து மேட்டுப் பாட்டு எங்கே போய்விட்டது பாருங்கள்!

நம் களத்து மேட்டுப் பாட்டு எங்கே போயிற்று? மாமல்லபுரம் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது இரண்டு பக்கமும் வரிசை நின்று அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள். அது பொழுதுபோக்கு அல்ல. நாற்பது கை ஒரே விநாடியில் இழுக்காவிட்டால் வலை நகராது. பாட்டுதான் அந்த விநாடியைச் சொல்லும். பைபர் படகும் மோட்டாரும் வந்தபின் அது அருகிவிட்டது. கல்பட்டறைகளில் உளிச் சத்தத்தோடு முணுமுணுத்த பாட்டை இப்போது கிரைண்டர் மெஷின் இரைச்சல் விழுங்கிவிட்டது. நடவுப் பாட்டின் கதையை அந்த அம்மாளே சொல்லிவிட்டார்.

மெஷின் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இடுப்பொடிய வளைந்து நாற்று நட்டவர்களிடம் போய் அப்படிச் சொன்னால் நாற்றாலேயே அடிப்பார்கள். நாம் கேட்பது வேறு. மெஷின் வந்து மிச்சமான மூச்சு எங்கே போகிறது? சினிமாவிலும் இதே கதைதான். நாற்பது வயலின் வாசித்த இடத்தில் இன்று ஒரு கம்ப்யூட்டர் வாசிக்கிறது. எம்.பி.எஸ். யாருக்குக் கால்ஷீட் கூலி கேட்டாரோ அந்தக் கலைஞர்களில் எத்தனையோ பேர் வேலையிழந்தார்கள். மிச்சமான கூலி யார் பையில் விழுந்தது? மறைமலைநகரில் பாக்டரி மூடப்பட்டு வெளியே வந்த தொழிலாளிக்கு இந்தக் கணக்கை நாம் கற்பிக்கத் தேவையில்லை.

எம்.பி.எஸ். மீது நமக்கு ஒரு குறையும் உண்டு. சேர்ந்திசை நம் பக்கத்துக் குக்கிராமங்களுக்கு வந்து சேரவில்லை. பாரதி பாட்டைப் பட்டணத்து இளைஞர்கள் பாடியது போல, நடவுப் பாட்டை நட்டவர்களே குரல் பிரித்துப் பாடியிருந்தால்? ஆனால் இந்தக் குறையில் பெரும்பங்கு நம்முடையது. ஆசிரியர் பட்டணத்தில் இருந்தார். நாற்பது மைல் தொலைவில் நாம் இருந்தோம். நம் ஊருக்கு வாருங்கள் என்று அழைப்பதற்கு நமக்கு என்ன தடை இருந்தது? ‘முதலில் கூலிப் போராட்டம், பிறகு பாட்டு’ என்று ஒத்திவைத்தோம். கூலிப் போராட்டம் முடியவில்லை, பாட்டும் வரவில்லை. அவரோ இரண்டையும் ஒரே கையால் செய்தவர்.

1988 மார்ச் 9-ஆம் தேதி, சேர்ந்திசை நிகழ்ச்சிக்காக லட்சத்தீவுக்குப் போன இடத்தில் மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்திரண்டு. கடல் நடுவே ஒரு சிறு தீவில் ஜனங்களைக் கூடிப் பாட வைக்கப் போனவர், அங்கேயே முடிந்தார். அவருக்குப் பிறகும் சென்னையில் அவருடைய மாணவர்கள் பாடினார்கள். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஓர் இளைஞர் குழு உண்டாயிற்று. செங்கற்பட்டில் நாம் குட்டியானை வண்டிக்கு வாடகை கொடுத்தோம்!

ஒலிபெருக்கி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஆயிரம் பேருக்குப் பேச்சு எட்ட வேண்டுமானால் அது வேண்டும். ஆனால் ஊர்வலத்தில் நடக்கிறவன் வாயையும் பெட்டியிடம் ஒப்படைத்தால், அவன் நம்மோடு நடக்கிறானா, நம் பின்னால் நடக்கிறானா? கோஷத்தில் ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்கிறார்கள். பாட்டில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. கொடி பிடிக்கிற சிறுவனும் செயலாளரும் ஒரே அடியைப் பாடியாக வேண்டும். செயலாளருக்கு அடி தெரியாவிட்டால் சிறுவன் திருத்துவான். நமக்கு அது நல்லதே.

ஆகவே வட்டாரக் கமிட்டியில் ஒரு யோசனை வைத்தோம். ஒவ்வொரு கிளையிலும் பத்துப் பேர், இரண்டு பாட்டு, அடுத்த மே தினத்துக்குள் பெட்டியில்லாமல் பாட வேண்டும். ஒன்று பாரதி பாட்டாக இருக்கட்டும். அதற்கு இன்று தனிச் சொந்தக்காரர் கிடையாது, யாரும் ராயல்டி கேட்டு வரமாட்டார்கள். இன்னொன்று அந்தந்த ஊர்ப் பாட்டாக இருக்கட்டும். ‘வேலை நிறைய இருக்கிறது தோழர்’ என்று இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். நியாயம்தான், நூறு நாள் வேலைக் கூலிப் பாக்கி இருக்கிறது, பட்டா மனுக்கள் கிடக்கின்றன. விவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அந்த நேரத்தில் ஒரு பாட்டுக் கற்றிருக்கலாம் என்று ஒரு பெண் தோழர் சொன்ன பிறகுதான் தீர்மானம் நிறைவேறியது.

மிஷன் கோயிலில் பாடுகிற இரண்டு பெண்கள் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை போட்டார்கள்: செயலாளர் உட்பட எல்லோரும் நேரத்துக்கு வரவேண்டும்.

மூதாட்டி மறந்துபோன சரணமோ அவருடைய நாத்தனாருக்குத் தெரியுமாம். அந்த அம்மாள் திருக்கழுக்குன்றத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போகிறோம்.